பஞ்சாயத்துத் தலைவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் யாரிடம் போவது? பதவிக்காலம் முடிந்தால் புகாரும் முடிந்துவிடுமா?

கீழத்தெரு வார்டு உறுப்பினர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிக்கும் களக்காட்டுக்கும் இடையில் உள்ள ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. ஊர்ப் பெயரை எழுதவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் தேர்தலில் கீழத்தெரு வார்டில் நின்று வென்றேன். பீடி சுற்றுகிற வீடுகளும், வாழைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களும் உள்ள தெரு. ஓட்டுப் போட்டவர்கள் என்னிடம் கேட்டது தண்ணீர் மட்டும்தான்.

எங்கள் தெருத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நீர்மூழ்கி மோட்டாரில் காயில் போய்விட்டது என்று ஊராட்சிக் கணக்கில் பழுதுச் செலவு எழுதியிருக்கிறார்கள். கிராம சபையில் கணக்கு வாசித்தபோதுதான் எனக்கே தெரியும். அந்த போர்வெல் எங்கள் வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறது. மோட்டாரை யாரும் மேலே தூக்கவில்லை. நான் பார்க்கவில்லை, தெருவில் ஒருத்தரும் பார்க்கவில்லை. தீர்மானப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பல தடவை கேட்டபிறகு காட்டினார்கள். கடைசித் தீர்மானத்துக்கும் எங்கள் கையெழுத்துக்கும் நடுவில் இந்த மோட்டார் செலவு எழுதியிருக்கிறது. மற்றதெல்லாம் கோட்டுக்கு ஒரு வரி. இது மட்டும் ஒரே கோட்டுக்குள் இரண்டு வரியாக நெருக்கி எழுதி, கடைசிச் சொல் என் கையெழுத்தின் மேல் ஏறி நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் எங்களிடம் கையெழுத்து வாங்கும்போது நடுவில் இடம் விட்டு வாங்குவது இங்கே எப்போதும் நடப்பதுதான்.

தலைவரிடம் கேட்டதற்கு, "அது செயலர் எழுதினது, நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்றார்.

நான் கேள்வி கேட்ட பிறகு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறக்கிற நேரம் பாதியாகிவிட்டது. டேங்க் ஆபரேட்டர் நல்ல பையன். அவனிடம் கேட்டால், "அக்கா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. வால்வை எப்ப அடைக்கணும்னு மேல இருந்து சொல்லுதாக, நான் என்ன செய்ய?" என்கிறான். பணம் போனதை விட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. என் மேல் உள்ள கோபத்தை ஒரு தெருவின் குடத்தில் காட்டுவது என்ன நியாயம்?

திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தேன். மனு ஒன்றிய அலுவலகத்துக்கு இறங்கி, அங்கிருந்து எங்கள் ஊராட்சிச் செயலரிடமே வந்து சேர்ந்தது. "புகாரில் உண்மை இல்லை" என்று பதில் எழுதியவரும் அவர்தான்.

நாடாளுமன்றத்தில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது, எம்.பி.யையே விசாரித்து வெளியே அனுப்புகிறார்கள் என்று செய்தியில் பார்க்கிறோம். எங்களைப் போன்ற ஊருக்கு அப்படி ஏதாவது உண்டா? 2026 அக்டோபரோடு இந்தப் பதவிக்காலம் முடிகிறது. "இன்னும் கொஞ்ச நாள்தானே, விட்டுருங்க" என்கிறார்கள். பதவி போய்விட்டால் புகாரும் போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலர் எழுதியது:

தங்கச்சி, நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனு போன வழியைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. யார் மேல் புகாரோ அவர் கையிலேயே புகாரைக் கொடுத்து அறிக்கை கேட்பது விசாரணை ஆகாது.

உங்களுக்கு வழி இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205-வது பிரிவைப் பாருங்கள். தலைவர் சட்டத்தை மீறினாலோ, தன்னிடம் உள்ள அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாலோ நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில், இருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுக்கலாம். அத்தனை பேர் சேரவில்லை என்றாலும் ஆட்சியர் தானாகவே எடுக்கலாம். முதலில் தலைவரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்பார். அது சரியில்லை என்று பட்டால் தாசில்தார் வந்து ஊராட்சிக் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதைப் பார்த்துவிட்டு நீக்குவதா, கைவிடுவதா என்று ஆட்சியர் முடிவு செய்வார்.

திங்கட்கிழமை மனுவாகக் கொடுத்தால் அது பட்டா மனு, உதவித்தொகை மனு எல்லாவற்றோடும் சேர்ந்து கீழே இறங்கத்தான் செய்யும். மனுவின் தலைப்பிலேயே ‘ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்களுக்கு, 205-வது பிரிவின் கீழ்’ என்று எழுதுங்கள். ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் கொடுங்கள். செயலர் இதில் சம்பந்தப்பட்டவர், எனவே அவரிடமோ அவரை மேற்பார்க்கிறவரிடமோ அறிக்கை கேட்கக் கூடாது என்பதையும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சான்று. தண்ணீர் நேரத்தைக் குறைத்தது வேதனைதான், ஆனால் அதை மட்டும் வைத்து எழுதினால் "மின்தடை, வறட்சி" என்று பதில் வந்துவிடும். மோட்டாரைப் பிடியுங்கள். நீர்மூழ்கி மோட்டாரில் காயில் கட்ட வேண்டும் என்றால் குழாயோடு மேலே எடுக்க வேண்டும், பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். அத்தனை நாளும் அந்தத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. பில்லில் உள்ள தேதியில் உங்கள் தெருவில் தண்ணீர் வந்ததா? அந்த மோட்டாருக்கு இபி ரீடிங் வழக்கம் போலவே ஓடியிருக்கிறதா? கழற்றிய பழைய செம்புக் கம்பிக்கு நல்ல விலை உண்டு, அது எங்கே போனது என்று எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் கேட்பதோடு நிற்காதீர்கள், தீர்மானப் புத்தகத்தை நேரில் பார்வையிடவும் கேளுங்கள். அந்த நெருக்கி எழுதிய வரியை ஜெராக்ஸில் பார்ப்பது வேறு, புத்தகத்தில் பார்ப்பது வேறு.

இனி, "செயலர் எழுதினது, நான் கையெழுத்து மட்டும் போட்டேன்" என்ற பேச்சு. இதற்கு நம் பக்கத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1951-ல் இடைக்கால நாடாளுமன்றத்தில் எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர், பம்பாய் தங்க வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காகச் சபையில் வேலை செய்தார் என்று புகார் வந்தது. விசாரிக்கக் குழு போட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் பிரதமர் நேரு. முட்கல் அவருடைய கட்சிக்காரர்தான். ஐந்து பேர் குழு, அதற்குத் தலைவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் உண்மை என்று குழு சொன்னது. சபை வெளியேற்றுவதற்கு முன் முட்கல் ராஜினாமா செய்துவிட்டார். சபை அதோடு விடவில்லை. அவர் வெளியேற்றத்துக்கு உரியவர்தான் என்று தீர்மானம் போட்டுப் பதிவு செய்தது.

ஏழு வருஷம் கழித்து அதே கிருஷ்ணமாச்சாரி விசாரணையின் மறுபக்கத்தில் நின்றார். அப்போது அவர் நிதியமைச்சர். புதிதாக அரசுடைமையான எல்.ஐ.சி., முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்திதான் அதைச் சபையில் கிளப்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா தனி ஆளாக விசாரித்தார். விசாரணை பொதுமக்கள் முன்னால் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். 1958 ஜனவரியில் தொடங்கி பிப்ரவரியில் அறிக்கை வந்துவிட்டது. தான் ஒப்புதல் தரவில்லை, செயலாளர் செய்தது என்பது அமைச்சர் பக்கத்து வாதம். செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் முழுப் பொறுப்பு, அவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றார் சாக்ளா. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அந்தக் கிருஷ்ணமாச்சாரிதான் 1962-ல் நம் திருச்செந்தூர் தொகுதியில் போட்டியின்றித் தேர்வானவர். அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடந்த காலம். எங்கள் அப்பா அந்தப் பக்கம்தான். "அந்த வருஷம் எங்களுக்கு ஒரே சீட்டுத்தான் கையில குடுத்தாவ, டெல்லிக்குச் சீட்டே கிடையாது" என்று சொல்வார். முந்த்ரா விவகாரம் பற்றி ஊர் என்ன நினைத்தது என்று கேட்க எதிர்த்து ஒரு ஆள்கூட நிற்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். அவர் மறுபடி நிதியமைச்சரானார். 1965 கடைசியில் மகன்களின் தொழில் பற்றிய புகார் கிளம்பி, விசாரணை என்று பேச்சு வந்ததும் மறுபடி விலகினார்.

திறமைசாலி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1951-லும் 1958-லும் விசாரணை நடந்து, முடிந்து, முடிவு எழுத்தில் இருக்கிறது. 1965-ல் ராஜினாமா முந்திக்கொண்டது. அதனால்தான் உங்களிடம் "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்கிறேன். பதவியில் இருக்கும்போதே ஆட்சியர் கோப்பைத் திறக்க வைத்துவிடுங்கள். பதவிக்காலம் முடிந்த பிறகு 205-வது பிரிவில் நீக்க ஆள் இருக்காது.


பாளை வழக்கறிஞர் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும், ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்தும் உண்டு.

அக்கா, பதவி போனாலும் குற்றம் போகாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டப்படி ஊராட்சித் தலைவரும் பொது ஊழியர்தான். பொய்ப் பில் போட்டுப் பணம் எடுத்தது உண்மையானால் பதவிக்காலம் முடிந்த பிறகும் வழக்குப் போடலாம். ஆனால் 2018-ல் வந்த திருத்தம் பாதையைக் கடினமாக்கியிருக்கிறது. முன்பு பதவியை விட்டு இறங்கியவர் மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவைப்படவில்லை, இப்போது தேவை. 17ஏ என்ற புதிய பிரிவின்படி, அதிகாரத்தில் இருந்தபோது எடுத்த முடிவைப் பற்றி விசாரணை தொடங்கவே முன் ஒப்புதல் வாங்க வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுத்துவிட்டுப் பதிலே வரவில்லை என்று பலர் என்னிடம் வருவதற்கு இது ஒரு காரணம். உள்ளாட்சிகளுக்கென்று 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவம் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் எழுதலாம்.

என் மாற்றுக் கருத்து, வேகத்தைப் பற்றியது. சீக்கிரம் முடிந்தால் நல்ல விசாரணை என்று ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு சபையில் கேள்வி கேட்டார் என்று எம்.பி. மஹுவா மொய்த்ரா மேல் 2023 அக்டோபரில் புகார் வந்தது, டிசம்பர் 8-ஆம் தேதி அவர் மக்களவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். தன் நாடாளுமன்ற இணையக் கணக்கின் கடவுச்சொல்லைப் பகிர்ந்ததை ஒப்புக்கொண்டார், பணம் வாங்கியதை மறுத்தார். பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொழிலதிபரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று கேட்டார். அது கிடைக்கவில்லை. நெறிமுறைக் குழுவில் அறிக்கை 6-க்கு 4 என்ற ஓட்டில் நிறைவேறியது. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. ஆனால் தன்னைக் குற்றம் சொன்னவரைக் கேள்வி கேட்க முடியாமல் ஒருவர் பதவி இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த வருஷமே கிருஷ்ணாநகர் மக்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

இங்கிலாந்தில் முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தில் பொய் சொன்னாரா என்று விசாரித்த குழுவில் ஏழு பேர். நான்கு பேர் அவருடைய சொந்தக் கட்சி. மணிக்கணக்கில் அவரைப் பொதுவெளியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பதிலை எழுத்திலும் வாங்கி, 2023 ஜூனில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அறிக்கையை முன்கூட்டிப் படித்ததும் ஜான்சன் எம்.பி. பதவியை விட்டார். இருந்தும் சபை அறிக்கையை ஓட்டுக்கு விட்டு 354-க்கு 7 என்று ஏற்றது. அண்ணாச்சி சொன்ன முட்கல் விஷயம் போலத்தான்.

உங்கள் வழக்குக்கு இது ஏன் முக்கியம் என்றால், 205-வது பிரிவில் போட்ட நீக்க உத்தரவுகள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அடிபடுவதற்குப் பெரும்பாலும் நடைமுறைத் தவறுதான் காரணம். நோட்டீஸில் குற்றச்சாட்டு தெளிவாக இருக்காது, விளக்கத்தைப் பரிசீலித்ததாக உத்தரவில் ஒரு வரி இருக்காது. எனவே மனுவில் தேதி, தீர்மான எண், தொகை எல்லாம் ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும், கோபப்படாதீர்கள். உங்கள் தலைவர் தனித் தொகுதியில் வந்தவரா? 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சமூகத்துப் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் மாவட்டத்திலும் அப்படிப்பட்ட தலைவர்களை இறக்குவதற்காகவே ஊர்ப் பெரியவர்கள் புகார் எழுத வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி வழக்கை நான் எடுப்பதில்லை.


மானூர்ப் பக்கம் எழுதியது:

எங்கள் ஊர் மானூர் கோயிலில் சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சபையில் யார் உறுப்பினராகலாம் என்ற விதியெல்லாம் அதில் உண்டு. நிலம் உள்ளவர், படித்தவர், நல்லொழுக்கம் உள்ளவர் என்று போகும். வேண்டுமென்றே ஒவ்வொரு விஷயத்துக்கும் குறுக்கே நிற்கிற உறுப்பினருக்கு ஐந்து காசு தண்டம். நிலமில்லாதவனுக்கு அந்தச் சபையில் இடமே இல்லை, அதனால் அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் உறுப்பினர் நடத்தைக்கு விதியும் தண்டமும் கல்லில் வெட்டி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு 205-வது பிரிவு என்ன சொல்கிறது என்று எந்த ஊராட்சி அலுவலகச் சுவரிலாவது எழுதியிருக்கிறதா? குறைந்தபட்சம் கிராம சபையிலாவது அதை வாசிக்க வேண்டும் என்று அடுத்த தடவை கேட்கப்போகிறேன்.


கீழத்தெரு வார்டு உறுப்பினர் எழுதியது:

அண்ணாச்சிக்கும் வக்கீல் தம்பிக்கும் மானூர்க்காரருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் கேட்டதில் கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். எங்கள் தலைவர் பொதுத் தொகுதியில் வந்தவர். அவர் அப்பாவும் இதே நாற்காலியில் இருந்தவர். தண்ணீர் குறைந்த தெருவில்தான் பட்டியல் சமூக வீடுகள் அதிகம்.

இபி ரீடிங் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. பம்ப் அறையில் உள்ள அட்டையைத் தெருப் பிள்ளைகளை விட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். பில் போட்ட மாதம் சேர்ந்த கணக்கிலும் யூனிட் குறையவில்லை. அந்த வாரம் பக்கத்து வீட்டில் சடங்கு வைத்திருந்தார்கள், அண்டா அண்டாவாகத் தண்ணீர் பிடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பத்திரிகையில் தேதியும் இருக்கிறது.

உறுப்பினர்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது. டேங்க் ஆபரேட்டரைச் சாட்சியாக எழுதலாமா? அவன் வேலை போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.


ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலர் எழுதியது:

அந்தப் பையன் பெயரை எழுதாதீர்கள் தங்கச்சி. அவனுக்குச் சம்பளம் போடுகிறவரே தலைவர்தான். விசாரணை அதிகாரி நேரில் வந்து தனியாகக் கேட்டால் அவன் சொல்வது வேறு விஷயம். இபி அட்டையும் சடங்குப் பத்திரிகையும் தீர்மானப் புத்தகமும் போதும், மூன்றும் மனுஷனை நம்பி இல்லாதவை. அட்டை பம்ப் அறையில் இருக்கும்வரை போட்டோ மட்டும் போதாது, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அந்த இணைப்பின் ரீடிங் விவரத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு பேரோடு உங்கள் கையெழுத்தும் சேர்த்து, ஆட்சியர் தானாக நடவடிக்கை எடுக்கும்படி கேட்டு எழுதுங்கள். தெருக்காரர்கள் கையெழுத்தைத் தனித் தாளில் வாங்கி இணையுங்கள். தண்ணீர் விஷயத்தை இரண்டாவது குற்றச்சாட்டாக வையுங்கள், முன்பு திறந்த நேரம், இப்போது திறக்கிற நேரம், எந்தத் தேதியிலிருந்து என்று. தபாலில் அனுப்ப வேண்டாம். நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரையும் வரவு எண்ணும் வாங்குங்கள். வரவு எண் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்து யாருக்கு நினைவூட்டுக் கடிதம் போடுவது என்று சொல்கிறேன்.